காரீயச் செல்வமும் ஒரு கைம்பெண்ணும்

பொதுக்காலத்தின் 32-ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டின் வாசகச் சுழற்சியில், இரு கைம்பெண்களை ஒரே திருப்பலியில் நம்முன் கொணர்ந்து நிறுத்துகிறது. ஒருத்தி சாரிபாத்து ஊரினள். பானையில் எஞ்சியிருந்த கடைசிப் பிடி மாவை அப்பமாகச் சுட்டு இறைவாக்கினர் எலியாவுக்குக் கொடுத்தவள். மற்றவள் எருசலேம் கோவிலின் காணிக்கைப் பெட்டியில் இரண்டு செப்புக் காசுகளை இட்டவள். இருவரும் ஏழைகள். இருவருக்கும் பெயரில்லை. அன்றைய மறையுரை எவ்வாறு அமையும் என்பதை நாம் முன்கூட்டியே அறிவோம். காணிக்கைத் தட்டு சற்றே நிறையும். நாமும் மனநிறைவோடு வீடு திரும்புவோம். அந்த இரண்டு காசுகளுக்குச் சற்று முன்னதாக, கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரை ஆண்டவர் கண்டித்த பகுதியும் அதே நற்செய்தி வாசகத்தில்தான் இருக்கிறது. அதைப்பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஏழைக் கைம்பெண்ணை வாசிக்க நாம் பழகிவிட்டோம். செல்வம் படைத்த கைம்பெண்ணை வாசிக்கத்தான் நமக்குத் தெரியவில்லை. இப்பெண் ஞாயிறு வாசகங்களில் வருவதில்லை. ஆனால் திருவிவிலியத்தில் இருக்கிறாள். அதுவும் கத்தோலிக்கராகிய நம்முடைய திருவிவிலியத்தில், இணைத்திருமுறை நூல்களுள் ஒன்றில், யூதித்து என்னும் பெயரோடு இருக்கிறாள். வாற்கோதுமை அறுவடையின்போது வெயில் தாக்கி இறந்த கணவன் மனாசே அவளுக்குப் பொன்னும் வெள்ளியும், பணியாளரும், கால்நடையும், வயல்களும் விட்டுச் சென்றதாக ஆசிரியர் ஒன்றுவிடாமல் எழுதுகிறார். அவற்றை அவள் தானே பொறுப்பேற்று நடத்தினாள் என்றும் எழுதுகிறார். ஒலோபெரினின் தலையைக் கொய்த யூதித்தை ஓவியர்கள் பலர் தீட்டியிருக்கின்றனர். பண்ணையை நடத்திய யூதித்தைத் தீட்டியவரை நாம் அறியோம்.

யூதித்தை மனத்தில் இருத்திக்கொண்டு, நமக்கு அண்மைக் காலத்தவரும் அண்டை நாட்டினருமான ஒரு பெண்மணியைப் பற்றி எழுதப்பட்டிருக்கும் குறிப்புகளை ஈண்டு நோக்குவோம். அவர் இலங்கையின் ஆலிஸ் எலிசபெத் கொத்தலாவல. அட்டிகல குடும்பத்தில் பிறந்தவர். காரீயச் சுரங்கச் செல்வத்துக்கு உரியவரானவர். இளமையிலேயே கைம்பெண் ஆனவர். இலங்கையின் மூன்றாம் பிரதமராகிய சர் ஜோன் கொத்தலாவலவின் தாயார் என்று சொன்னால் வாசகர் சிலர்க்கு உடனே விளங்கும். அவ்வாறு சொன்னால்தான் விளங்குகிறது என்பதே நம் முதற்குறை.

காரீயம் என்று இலங்கைத் தமிழர் வழங்குவது ஈயமன்று. கிராஃபைட் என்னும் கரி வகை. பென்சிலின் உள்ளிருப்பது அதுவே. மறைமலை நகர்த் தொழிற்பேட்டையில் வாழும் நமக்கு அது அன்றாடப் பொருள். உலோகம் உருக்கும் மூசை அதனால் செய்யப்படுவது. வார்ப்பிரும்பு எஞ்சின் கட்டையை உடைத்துப் பார்த்தால் உள்ளே இழையிழையாகக் கலந்திருப்பதும் அதுவே. இப்போது ஒரகடம் பக்கம் எல்லாரும் பேசும் மின் வண்டிகளின் பாட்டரியில், லித்தியத்தைக் காட்டிலும் எடையில் மிகுதியாக இருப்பதும் காரீயந்தான். இலங்கையில் கிடைப்பது நரம்பு நரம்பாகப் பாறையில் ஓடும் தூய வகை. அந்த வகை வணிக அளவில் வேறெங்கும் கிடைப்பது அரிது. அத்தீவின் கனிமங்களை அரசின் சார்பில் முதன்முதல் முறையாக ஆராயப் புகுந்தவர், 1903-இல் அப்பொறுப்பை ஏற்ற ஆனந்த குமாரசுவாமி என்பது ஓர் இனிய செய்தி. கலையை எழுதியவராகவே நாம் அவரை அறிவோம். கல்லைப் படித்துவிட்டே அவர் கலைக்கு வந்தார்.

மடபாத்தவைச் சேர்ந்த முதலியார் டொன் சார்ள்ஸ் ஜெமோரிஸ் அட்டிகல, காரீயத்தாலும் தோட்டங்களாலும் பெருஞ்செல்வர் ஆனவர். அவருடைய மனைவி பெட்ரோனெலா. மூன்று பெண்மக்கள், ஓர் ஆண்மகன். லீனாவை மணந்தவர் ஜயவர்தன குடும்பத்தினர். எலனை மணந்தவர் எஃப். ஆர். சேனாநாயக்க, ஆலிசை மணந்தவர், முன்னர்க் காவல்துறையில் இருந்த ஜோன் கொத்தலாவல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலியார் இறந்தபின் சொத்துகளின் மேலாண்மை மருமகன் கொத்தலாவலவின் கைக்கு வந்தது. மகன் பிரான்சிஸ் டிக்சன் அட்டிகல வளர்ந்து தன் உரிமையைக் கேட்டபோது பகை மூண்டது. 1906 டிசம்பரில் பிரான்சிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலையைத் தூண்டியதாக மைத்துனர் கொத்தலாவல கைது செய்யப்பட்டார். 1907-இல், அவர்மீது தீர்ப்பு எதுவும் வருமுன்னரே, காவலில் இருந்தபடியே நஞ்சருந்தித் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஆக, ஒரே கொலை ஒரே குடும்பத்தின் இரு கைம்பெண்களைத் தாக்கியது. தாய் பெட்ரோனெலா தன் ஒரே மகனை இழந்தார். அவனைக் கொல்வித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் அவருடைய மருமகன். மகள் ஆலிஸ் உடன்பிறந்தவனையும் கணவனையும் சில மாத இடைவெளியில் இழந்தார். ஆலிசுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்குப் பத்து வயது. கணவனுடைய வீழ்ச்சியோடு குடும்பம் ஏறக்குறைய நொடித்துப்போன நிலை. அந்நிலையிலிருந்து சிக்கனத்தாலும் திறமையாலும் சுரங்கத்தையும் தோட்டங்களையும் மீட்டுப் பெருக்கியவர் ஆலிஸ். பின்னர் அவர் கிறிஸ்தவம் தழுவினார். சமூகப் பணிக்காக ஆங்கில அரசு அவருக்கு எம்.பி.இ. விருது அளித்தது.

இவ்வாழ்க்கையை எழுதுவோர் என்ன செய்கின்றனர்? நாம் படித்த அளவில், மூன்று வகை எழுத்துகள் உள்ளன.

முதல் வகை கொலைக் கதை. அட்டிகல கொலை வழக்கு இலங்கையின் புகழ்பெற்ற வழக்குகளுள் ஒன்று. அதைச் சுவைபடச் சொல்லும் எழுத்துக்குக் குறைவில்லை. இவ்வகையில் துப்பாக்கியும் நஞ்சும் துலக்கமாகத் தெரியும். ஆலிஸ் தெரியமாட்டார். கணவன் மாண்ட அன்றோடு கதையும் முடிந்துவிடும். அவருடைய வாழ்க்கையோ அன்றுதான் தொடங்குகிறது.

இரண்டாம் வகை அரசியல் குடும்ப வரலாறு. காரீயத்தை விட்டுவிட்டு இலங்கையின் முதல் அரசியல் தலைமுறையை விளக்கவே இயலாது என்பது மெய். முதற் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க இளமையில் குடும்பத்துக் காரீயச் சுரங்கங்களை மேற்பார்த்தவர். அவர் தமையனார் எலன் அட்டிகலவின் கணவர். மூன்றாம் பிரதமர் ஆலிசின் மகன். ஐக்கிய தேசியக் கட்சியை மாமன் மருமகன் கட்சி என்று அந்நாட்டவர் எள்ளி நகையாடியதற்கு இவ்வுறவுமுறையே காரணம். ஆனால் இவ்வரலாறுகளில் மூன்று அட்டிகல சகோதரியரும் மூன்று கோடுகள். ஒரு குடும்ப மரத்தை இன்னொரு குடும்ப மரத்தோடு இணைக்கும் கோடுகள். செல்வம் அவர்கள் வழியாகவே வந்தது என்பதை எழுதுவோர் அறிவர். அறிந்தும், அது ஆண்களின் கைக்கு வந்து சேர்ந்தபின்னரே கணக்கில் எடுத்துக்கொள்கின்றனர்.

மூன்றாம் வகையே நம்மைப் போன்ற இதழ்களுக்கு உரியது. ஆதலால் அதையே சற்று விரிவாக நோக்கவேண்டும். அது புகழுரை. கைம்பெண், துயரால் தளரவில்லை, ஆணுக்கு நிகராகச் சொத்தை ஆண்டார், மனம் மாறினார், ஏழைகளுக்கு ஈந்தார், விருது பெற்றார். இவற்றுள் பொய் ஏதுமில்லை. ஆயினும், ஆணுக்கு நிகராக என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. அக்குடும்பத்தில் சொத்தை ஆண்ட ஆண் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்பதைப் பார்த்த பின்னரும் அவரையே அளவுகோலாக வைப்பது எப்படி?

புகழுரையின் பெருங்குறை வேறொன்று. அது கொடுத்த கையை மட்டும் பார்க்கிறது. கொடுக்கப்பட்டது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. காணிக்கைப் பெட்டியருகே நின்று பார்த்த ஆண்டவரோ இடப்பட்ட காசை மட்டும் பார்க்கவில்லை; அவரவரிடம் எஞ்சியிருந்ததையும் பார்த்தார். சுரங்கச் செல்வத்தில் எஞ்சியிருப்பதைப் பார்க்கவேண்டுமானால் குழிக்குள் இறங்கவேண்டும்.

அந்நாளையக் காரீயக் குழிகள் எப்படி இருந்தன என்பது ஓரளவு தெரிந்த செய்தியே. காட்டு மரங்களைக் கயிற்றால் பிணைத்துச் செய்த ஏணிகள். அவற்றில் இறங்கிச் சென்று, கையால் சுற்றும் இராட்டினத்தால் மேலே இழுத்தனர். காரீயம் வழுக்கும் பொருள்; எந்திரங்களுக்கு மசகாகப் பயன்படுவதே அக்குணத்தால்தான். அதே வழுக்கல் ஏணிப் படிகளிலும் உழைப்பவர் உள்ளங்காலிலும் படிந்திருக்கும். கொழும்பின் கிடங்குகளில் பெண்கள் தரையில் அமர்ந்து கட்டிகளைக் கொத்தி, சலித்து, தரம் பிரித்தனர். மாலையில் முகமும் சேலையும் வெள்ளிபோல் மின்னும் கருமை. முதல் உலகப் போர் இப்பொருளுக்குப் பொற்காலம். 1916-இல் 30,000 டன்னுக்கு மேல் ஏற்றுமதியாயிற்று. குண்டுகளுக்கான உலோகத்தை உருக்க மூசைகள் தேவைப்பட்டன. போர் முடிந்ததும், மடகாஸ்கரின் மலிவுச் சரக்கின் போட்டியும் சேர்ந்து, விலை சரிந்தது. குழிகள் பல மூடப்பட்டன. கொத்தலாவல குடும்பத்துக் கஹட்டகஹ சுரங்கம், குருநாகல் மாவட்டத்தில், நிலைத்து நின்றது. பின்னாளில் அது சுமார் 2,000 அடி ஆழம் வரை சென்றது.

ஏற்றமும் சரிவுமாகிய இவ்விரு காலங்களிலும் கணக்கேடு ஆலிசின் பொறுப்பில் இருந்தது. விலை ஏறிய நாளில் கூலி ஏறிற்றா? குழியில் விழுந்தவனின் மனைவிக்கு, அவளும் ஒரு கைம்பெண் அல்லவா, என்ன கிடைத்தது? திறனாய்வாளர் கேட்கவேண்டியவை இவையே. புகழுரை எழுதியவர்களுக்கு இக்கேள்விகள் தோன்றவில்லை. இதை ஆலிசின்மேல் பழியாகச் சுமத்துவது நம் நோக்கமன்று. அவர் நல்ல முறையில் நடத்தியிருக்கவும் கூடும். நல்ல முறையில் நடத்தியிருந்தால் அதுவன்றோ முதற்கண் எழுதத்தக்க அறம்? விருதைக் குறித்தவர்கள் கூலியைக் குறிக்காமல் விட்டது, அவருக்கே இழைத்த அநீதியாகவும் இருக்கலாம்.

இவ்விடத்தில் போலந்து நாட்டின் புனித கிங்கா நினைவுக்கு வருகிறார். அவரும் கைம்பெண், அவர் வரலாறும் சுரங்கத்தோடு பிணைந்தது. கணவராகிய அரசர் 1279-இல் இறந்தபின், தம் உடைமைகளை ஏழைகளுக்கு அளித்துவிட்டுக் கிளாரா சபை மடத்தில் புகுந்தவர். ஹங்கேரியில் உப்புச் சுரங்கத்துள் அவர் எறிந்த மோதிரம் போலந்தின் உப்புப் பாறைக்குள் கிடைத்தது என்பது மரபுக்கதை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999-இல் அவரைப் புனிதராக உயர்த்தினார். கதையை வரலாறென்று யாரும் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் வியலிச்கா உப்புச் சுரங்கத்தில், மண்ணுக்கடியில் 100 மீட்டர் ஆழத்தில், அவர் பெயரால் ஓர் ஆலயம் இருக்கிறது. பீடம், சிலைகள், தரை அனைத்தும் உப்பு. அதைச் செதுக்கியவர்கள் சுரங்கத் தொழிலாளர்களே. 1896-இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள், தங்கள் உளிகளால் செய்தனர். கிங்காவின் கதையைக் கீழிருந்தவர்கள் சொன்னார்கள் என்பதே நமக்கு முதன்மையாகப் படுகிறது. ஆலிசின் கதையை மேலிருந்தவர்கள் மட்டுமே சொல்லியிருக்கின்றனர். குழியிலிருந்து வந்த ஒரு சொல் கிடைத்தால், அது புகழாயினும் பழியாயினும், இப்போதுள்ள எல்லாப் பக்கங்களுக்கும் ஈடாகும்.

இனி மனமாற்றம். நம் வாசகர்க்கு இதுவே இனிக்கும். எனவே இதில்தான் நாம் விழிப்பாக இருக்கவேண்டும். ஆலிசின் மைத்துனர் எஃப். ஆர். சேனாநாயக்க பௌத்த மறுமலர்ச்சியிலும் மதுவிலக்கு இயக்கத்திலும் முன்னணியில் நின்றவர். 1926 புத்தாண்டு நாளில், புத்தகயைக்குச் சென்ற திருப்பயணத்தின் இடையில், கல்கத்தாவில் உயிர்நீத்தவர். அத்தகைய குடும்பத்தில் ஒரு பெண் கிறிஸ்தவத்தைத் தழுவுவது எளிதன்று. ஆதாயம் கருதிய செயலென்றும் சொல்லமுடியாது. மூத்த மகன் பௌத்தராகவே வாழ்ந்தார். தாய் அவரை வற்புறுத்தியதாகத் தெரியவில்லை. இவ்வளவும் மதிப்புக்குரியது. ஆயினும் புகழுரைகளில் மனமாற்றம் ஒரு திரைபோல் பயன்படுகிறது. 1907-க்கும் பின்னாளைய அறப்பணிக்கும் இடையில் அத்திரை விழுகிறது. அதன்பின் இரத்தக்கறை பேசப்படுவதில்லை. மனமாற்றம் கணக்கை மூடுவதன்று, திறப்பது. இயேசுவைத் தன் வீட்டில் வரவேற்ற சக்கேயு என்ன செய்தான்? பாதி உடைமையை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னான். அதோடு நிற்காமல், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். முதற்பகுதி ஈகை, இரண்டாம் பகுதி நீதி. நாம் முதற்பகுதியோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கமுடையவர்கள்.

இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் வெளியிட்ட சமூக அக்கறை பற்றிய சுற்றுமடலில், தனியுடைமையின்மேல் ஒரு சமூக அடைமானம் இருக்கிறது என்ற கருத்தை வலியுறுத்தினார். அடைமானம் என்றால் என்னவென்று நம் மக்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. வீடு நம்முடையது; பத்திரம் இன்னொருவர் பெட்டியில். நாம் அதில் குடியிருக்கலாம், வெள்ளையடிக்கலாம், வாடகைக்கும் விடலாம். ஆயினும் இரவில் நினைவு வரும். மரபுரிமையாக வந்த சுரங்கத்தின்மேல் எத்தனை அடைமானங்கள் இருந்திருக்கும்? குழியில் இறங்கியவர்களுடையது ஒன்று. கொலையுண்ட உடன்பிறந்தவனுடையது ஒன்று. அவனுடைய தாயினுடையது ஒன்று. அத்தாய் தனக்கும் தாய். ஆலிஸ் இவற்றை எவ்வாறு எண்ணிப்பார்த்தார் என்பதே அவர் வாழ்வின் மையமாக இருந்திருக்கவேண்டும். விருது அன்று.

அந்தக் கரியின் கதை தமிழராகிய நமக்கு அந்நியமானதும் அன்று. சுரங்கங்களில் பெரும்பாலும் சிங்களத் தொழிலாளரே உழைத்தனர். நம்மவர் உழைத்தது தேயிலையில். ஆனால் காரீயத்தால் உயர்ந்த குடும்பங்களின் கையிலேயே நம்மவர் விதியும் இருந்தது. 1948-இன் குடியுரிமைச் சட்டம் டி. எஸ். சேனாநாயக்கவின் ஆட்சியில் வந்து மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1954 ஜனவரியில் நேருவோடு ஒப்பந்தம் செய்தவர் ஆலிசின் மகன். அவரே அவ்வாண்டு யாழ்ப்பாணம் சென்று தமிழுக்கும் சிங்களத்துக்கும் சமநிலை தருவதாக வாக்களித்தார், 1956-இல் அவருடைய கட்சி தனிச் சிங்களத்துக்குத் தாவியது, தாவியும் தோற்றது. இவற்றைத் தாயின் கணக்கில் எழுதுவது முறையன்று. பிரதமரின் அன்னை என்று புகழ்பவர்கள்தாம் மகனுடைய வரவை அவர் ஏட்டில் முதலில் எழுதியவர்கள். வரவை எழுதினால் செலவையும் எழுதவேண்டிவரும் என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டோம்.

சொத்து பின்னர் என்னவாயிற்று? 1971-இல் காரீயச் சுரங்கங்களை அரசு எடுத்துக்கொண்டது. மகன் 1980-இல் இறந்தார். இரத்மலானையில் இருந்த அவருடைய கந்தவல மாளிகையும் நிலமும் அவர் விருப்பப்படி நாட்டுக்குச் சென்று, இன்று அவர் பெயரால் பாதுகாப்புப் பல்கலைக்கழகமாக விளங்குகின்றன. கஹட்டகஹவில் இன்றும் காரீயம் எடுக்கின்றனர்.

நம் பக்கத்துக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரங்களில் வயல்கள் தொழிற்சாலைகளான பின், மறைந்த கணவனின் நிலத்துக்கான பணம் வங்கிக் கணக்கில் வந்து விழ, அதுவரை யாரும் திரும்பிப் பாராத ஒரு கைம்பெண் திடீரெனக் குடும்பத்தின் நடுவில் நிற்க நேர்ந்த வீடுகள் உண்டு. கொழுந்தன் ஒரு யோசனை சொல்வார். அண்ணன் வேறு யோசனை சொல்வார். பங்கிலும் ஒரு விண்ணப்பம் காத்திருக்கும். கொடிமரத்துக்கோ கெபிக்கோ அவர் கொடுத்தால் கல்லில் பெயர் பொறிப்போம். அந்த வயலில் குத்தகைக்கு உழுதவன் இப்போது எங்கே காவலாளியாக நிற்கிறான் என்பதை அவர் நினைத்துப் பார்த்து, அவனுக்கு ஏதேனும் செய்தால், அதைப் பொறிக்கக் கல் இல்லை. ஆலிஸ் கொத்தலாவலவைப் பற்றிய எழுத்தில் நாம் கண்ட குறை நம் ஆலயச் சுவரிலும் இருக்கிறது.

யூதித்து நூலின் ஆசிரியர் இதில் நம்மைக் காட்டிலும் கூர்மையானவர். நூலின் முடிவில் அவர் கணக்கை மறப்பதில்லை. ஒலோபெரினின் வெள்ளிப் பாத்திரங்களை யூதித்து கடவுளுக்குக் காணிக்கையாக்கினாள் என்று சொல்லி அங்கேயே முடித்திருக்கலாம். நம் காலத்துப் புகழுரை அங்கேதான் முடியும். அவர் தொடர்கிறார்: சாகுமுன் தன் உடைமையைக் கணவன் வீட்டாருக்கும் தன் பிறந்த வீட்டாருக்கும் பகிர்ந்தளித்தாள், தன் பணிப்பெண்ணுக்கு விடுதலை அளித்தாள். அந்தப் பணிப்பெண் கூடாரத்துக்குத் துணை சென்றவள். துண்டிக்கப்பட்ட தலையை உணவுப் பையில் சுமந்து மலையேறியவள். யூதித்துக்கு 105 வயதாகும் வரை அவ்வீட்டிலேயே வாழ்ந்தவள். அவளுக்கும் அப்போது வயது முதிர்ந்திருக்கும். விடுதலை பெற்று எங்கே போனாள் என்று நூல் சொல்லவில்லை. அவள் பெயரையும் சொல்லவில்லை.